இலங்கை என்ற சொல்லுக்குள் ஒரு காற்புள்ளி

எக்ஸலில் கிடக்கும் ஒரு பட்டியலை இணையத் தரவுத்தளம் ஒன்றுக்குள் ஏற்றுவது இன்றைக்கு இரண்டு நிமிட வேலை. எயார்டேபிளாக இருக்கட்டும், ஸோஹோ கிரியேட்டராக இருக்கட்டும், வேறு எதுவாகவும் இருக்கட்டும், சடங்கு ஒன்றுதான். கோப்பை இழுத்துப் போட்டால் மூன்று கேள்விகள் வரும். முதலாவது நிரை தலைப்பா? நிரல்களைப் பிரிப்பது காற்புள்ளியா அரைப்புள்ளியா? இந்த நிரலில் இருப்பது இலக்கமா, எழுத்தா, திகதியா? மூன்றுக்கும் கருவியே ஒரு பதிலை ஊகித்து முன்னால் வைத்திருக்கும். நாங்கள் வாசிக்காமலே "சரி" எண்டு அழுத்திவிட்டுப் போவோம்.

இந்த மூன்று கேள்விகளும் வானத்தில் இருந்து விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒரு கம்பனி, ஏதோ ஒரு வருடத்தில், தன்னுடைய கணக்காளர்களுக்காகவோ தன்னுடைய இயந்திரத்துக்காகவோ எடுத்த முடிவு ஒன்று இருக்கிறது. அந்த முடிவுகள் எங்கள் ஊர்ப் பட்டியல்கள் மேல் எப்படி வந்து விழுகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை. கிராம சேவையாளரின் குடும்பப் பட்டியல், சனசமூக நிலையத்தின் அங்கத்தவர் பட்டியல், நிவாரணப் பட்டியல், காணாமல் போனவர்களின் பட்டியல் எல்லாம் இப்போது இந்த வாசலால்தான் உள்ளே போகின்றன.

முதலில் ஒரு அடிப்படை விசயம். விரிதாளும் தரவுத்தளமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டிலும் நிரையும் நிரலும் உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். தரவுத்தளத்தின் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர் ஐ.பி.எம்-இல் வேலை செய்த எட்கர் கொட். 1970இல் அவர் எழுதிய கட்டுரை, தரவை ஒழுங்கான உறவு அட்டவணைகளாக வைத்திருப்பது எப்படி என்று கணிதமாகச் சொன்னது. அங்கே ஒரு நிரல் என்றால் ஒரு வாக்குறுதி. "பிறந்த திகதி" என்று பெயர் வைத்தால் அதற்குள் திகதி மட்டும்தான் வரலாம். நிரைகளின் வரிசைக்கு அர்த்தம் கிடையாது.

விரிதாள் பிறந்தது கணக்குக் கொப்பியில் இருந்து. 1978இல் ஹாவர்ட் வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், கரும்பலகையில் ஒரு இலக்கத்தை மாற்றினால் அதைத் தொடர்ந்து வரும் எல்லாவற்றையும் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து, இதைக் கணினியில் செய்தால் என்ன என்று யோசித்தார். அவரும் பொப் பிராங்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகல்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. 254 நிரை, 63 நிரல், அவ்வளவுதான். ஆனால் ஒரு கலத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தச் சுதந்திரம்தான் அதன் வெற்றி. மேலே ஒரு தலைப்பு, நடுவில் ஒரு வெற்று நிரை, "மேற்படி" என்று ஒரு கலம், கடைசியில் மொத்தம், பக்கத்தில் மஞ்சள் நிறம் பூசிய ஒரு கலம் (ஏன் மஞ்சள் என்பது பூசியவருக்கு மட்டும்தான் தெரியும்). மனிசர் வாசிப்பதற்கு இது அருமையான வடிவம். ஒரு வீட்டில் இருந்து மற்ற வீட்டுக்குக் கொண்டு போகும்போதுதான் சிக்கல். தரவுத்தளம் "மேற்படி" என்ற சொல்லை ஒரு ஊரின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். மஞ்சள் நிறத்தை எடுத்துக்கொள்ளவே மாட்டாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடித்திரியும் தூதுவன்தான் சீ.எஸ்.வி. கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள். இது விரிதாளை விடவும் வயது கூடியது. அதற்கு முன்னர் தரவு துளையிட்ட அட்டைகளில் இருந்தது. 1890இன் அமெரிக்கக் குடித்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹேர்மன் ஹொலரித் செய்த இயந்திரத்தின் வழியில் வந்து, 1928இல் ஐ.பி.எம் 80 நிரல் அட்டையில் நிலைத்த மரபு அது. அட்டையில் ஒவ்வொரு விபரத்துக்கும் இத்தனையாவது நிரலில் இருந்து இத்தனையாவது நிரல் வரை என்று இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு துளை ஒரு இடம் தள்ளிப் போனால் வயது 34 என்பது 340 ஆகலாம். 1972 அளவில் ஐ.பி.எம்மின் போர்ட்ரான் மொழிமாற்றி ஒன்று, இடத்தைப் பார்க்காமல் இடையில் வரும் காற்புள்ளியையோ இடைவெளியையோ பார்த்து மதிப்புகளைப் பிரித்து வாசிக்கும் வசதியைக் கொடுத்தது. அட்டை குத்துபவருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த விடுதலைக்குள்ளேயே ஒரு பொறியும் இருந்தது: மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் என்ன செய்வது? "யாழ்ப்பாணம், வடக்கு" என்ற முகவரி ஒரு விபரமா, இரண்டா?

மேற்கோள் குறிக்குள் போடுங்கள் என்று ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு மென்பொருளும் அதைத் தன் பாட்டுக்குச் செய்தது. இதற்கு எழுத்தில் ஒரு பொது விளக்கம் வந்தது எப்போது தெரியுமா? 2005 ஒக்டோபரில், ஆர்.எவ்.சி. 4180 என்ற ஆவணத்தில். உலகம் முழுக்க முப்பது வருடத்துக்கு மேல் புழங்கிய ஒரு வடிவத்துக்கு அதுவரைக்கும் எழுதப்பட்ட பொது விதி இல்லை. அந்த ஆவணம் கூட "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று கட்டளை போடவில்லை, "பொதுவாக இப்படிச் செய்கிறார்கள்" என்றுதான் சொன்னது. அதற்குள் ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வேறொரு கிளை முளைத்துவிட்டது. அங்கே மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். காற்புள்ளி தசமத்துக்குப் போய்விட்டதால் அந்த நாட்டு எக்ஸல் நிரல்களை அரைப்புள்ளியால் பிரிக்கும். ஏற்றும் கருவி "காற்புள்ளியா அரைப்புள்ளியா" என்று கேட்பது இதனால்தான்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். பாமினி எழுத்துருவைத் தெரியாமல் இலங்கையில் தமிழ் தட்டச்சுப் பழகியவர் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் நீங்கள் மிகவும் இளையவர். கலியாணக் கார்ட்டில் இருந்து கச்சேரிக் கடிதம் வரை ஒரு காலத்தில் எல்லாம் பாமினிதான். அது ஒருங்குறி அல்ல. கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசை ஒழுங்கைப் பெரும்பாலும் தழுவி, எந்த விசையில் எந்தத் தமிழ் உருவம் என்று அமைத்தார்கள். "தமிழ்" என்று திரையில் தெரிந்தால், உள்ளே கிடப்பது ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி.

அந்த அரைப்புள்ளியைக் கவனியுங்கோ. பாமினியில் மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது. தமிழில் குற்று இல்லாத வசனம் எது? ஆக ஒரு பாமினிப் பட்டியல் என்பது கணினியின் கண்ணுக்கு அரைப்புள்ளிகள் மண்டிக் கிடக்கும் ஒரு காடு. அடுத்தது இன்னும் வேடிக்கை: பாமினியில் "இ" இருப்பது காற்புள்ளி விசையில். "இலங்கை" என்று தட்டினால் உள்ளே சேமிக்கப்படுவது காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எவ். நாட்டின் பெயரே காற்புள்ளியோடு தொடங்கி நடுவில் ஒரு அரைப்புள்ளியும் வைத்திருக்கிறது. நிரல்களைப் பிரிப்பதற்காக உலகம் தேர்ந்தெடுத்த இரண்டு குறிகளும் இந்த ஒரு சொல்லுக்குள் உண்டு!

இதை சீ.எஸ்.வி.யாகச் சேமித்து ஒரு இணையக் கருவிக்குள் ஏற்றினால் என்ன நடக்கும்? சேமித்த மென்பொருள் மேற்கோள் குறியை ஒழுங்காகப் போட்டிருந்தால் காற்புள்ளி தப்பிவிடும். எக்ஸல் அதைச் செய்யும். கையால் எழுதிய நிரல் அல்லது பழைய அலுவலக மென்பொருள் ஒன்று வெளியே தள்ளிய கோப்பு என்றால், இந்திரா, இராசம்மா, இளங்கோ என்று "இ"யில் தொடங்கும் எல்லாரும் ஒரு நிரல் வலப்பக்கம் தள்ளிப் போவார்கள். அவர்களுடைய பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், பெயர் முகவரிக்குள் போயிருக்கும். பிரிகுறியை எண்ணிப் பார்த்து ஊகிக்கும் கருவி என்றால் அரைப்புள்ளிதான் அதிகம் என்று கண்டு, ஒவ்வொரு குற்றிலும் பெயர்களை வெட்டிப் போடவும் கூடும். இது ஒன்றும் நடக்காமல், ஒவ்வொரு நிரலும் அச்சொட்டாக வந்து சேர்ந்தால்கூட, சீ.எஸ்.வி.க்குள் எழுத்துரு என்ற ஒன்றே கிடையாது. வந்து சேர்வது ஆங்கில எழுத்துக் குவியல்.

இதில் மோசமானது எது என்று என்னைக் கேட்டால், குப்பையாகத் தெரிவது அல்ல. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் தாராளமாக உண்டு. ஒரே நிரலுக்குள் சில கலங்கள் பாமினியிலும் சில கலங்கள் ஆங்கிலத்திலும் இருப்பதுதான் மோசம், எங்கள் ஊர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் அப்படித்தான். எக்ஸலுக்குள் இருக்கும்வரை எந்தக் கலம் எந்த எழுத்துரு என்று தெரியும். ஏற்றியபின் தெரியாது. எல்லாவற்றையும் மாற்றியில் போட்டால் ஆங்கிலத்தில் எழுதியிருந்த மருந்துப் பெயரும் ஒரு அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும். ஆகவே மாற்றுவதை எக்ஸலுக்குள்ளேயே, எழுத்துருவைப் பார்த்து, ஏற்றுவதற்கு முன்பே செய்யவேண்டும். பிறகு செய்வதென்றால் ஒவ்வொரு கலமாக மனிசர் வாசித்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒருங்குறி 1991இலேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகும் அச்சகங்களும் அலுவலகங்களும் பல வருடம் பழைய எழுத்துருக்களை விடவில்லை. வடிவமைப்பு மென்பொருள்கள் தமிழ் ஒருங்குறியை ஒழுங்காகக் காட்டாதது ஒரு காரணம், கைப்பழக்கம் இன்னொரு காரணம். ஒருங்குறிக்கு வந்தாலும் பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. இணையத்தில் பரவலாக இருக்கும் யு.டி.எவ்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அப்படிச் சேமித்த சீ.எஸ்.வி.யை எக்ஸலில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்தால், அது அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வாசிப்பதுண்டு. அப்போது தலையில் கோடு போட்ட ஒரு சின்ன "ஏ", பக்கத்தில் வட்டத்துக்குள் "ஆர்" போட்ட பதிவு வணிகக்குறி, இது இரண்டும் மாறி மாறி வரும். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்டும் அநேகமாக ஒன்றாகவே இருப்பதால்தான் இந்த ஒரே தோற்றம். கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைத்தால் எக்ஸல் சரியாக வாசிக்கும். வைத்தால் வேறு சில கருவிகள் அதை முதலாவது தலைப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, "பெயர்" என்ற நிரலே இல்லை என்று சாதிக்கும்!

திகதியின் கதை வேறு. 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3 திகதியை 1900 ஜனவரி 1இல் இருந்து எண்ணும் ஒரு இலக்கமாக வைத்துக்கொண்டது. கணக்கை எளிதாக்க 1900ஐ லீப் வருடம் என்று எடுத்தது. உண்மையில் 1900 லீப் வருடம் இல்லை. பிறகு வந்த எக்ஸல், லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக அந்தப் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் எக்ஸலில் 1900 பெப்ரவரி 29 என்ற, உலகில் விடியாத ஒரு நாள் உண்டு. மக்கின்ரோஷ் எக்ஸல் அந்தச் சிக்கலில் இருந்து தப்ப 1904இல் இருந்து எண்ணத் தொடங்கியது. ஆகவே இரண்டு முறைக் கோப்புகளைக் கலந்தால் திகதிகள் நாலு வருடமும் ஒரு நாளும் நகரும். 1900க்கு முந்தியது எதுவும் எக்ஸலுக்குத் திகதியே அல்ல. ஆறுமுக நாவலர் பிறந்த 1822 டிசம்பர் 18 அங்கே வெறும் எழுத்து. வரலாற்று ஆளுமைகளின் பட்டியல் செய்யும் ஆட்களுக்கு இது நல்லாய் விளங்கும்: ஒரே நிரலில் பாதித் திகதி, பாதி எழுத்து.

இந்த ஊகத்தால் ஒரு விஞ்ஞானத்துறையே தன் சொற்களை மாற்றிக்கொண்டது. மனித மரபணுக்களில் "மார்ச் 1", "செப்ட் 2" என்று சுருக்கப் பெயர் கொண்டவை உண்டு. எக்ஸல் அவற்றை மாதமும் நாளுமாக மாற்றிவிடும். 2004இலேயே ஒரு ஆய்வுக் குழு இதை எழுத்தில் எச்சரித்தது. 2016இல் மார்க் ஸீமானும் இரண்டு சகாக்களும் 3,597 ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு எக்ஸல் கோப்புகளைச் சோதித்தபோது, மரபணுப் பட்டியல் இருந்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயரிடும் குழு தோல்வியை ஒப்புக்கொண்டு பெயர்களையே மாற்றியது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க எக்ஸலில் ஒரு தெரிவு வந்தது 2023இல். எனக்கென்னவோ இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. ஒரு விஞ்ஞானத்தின் சொற்களை மாற்றுவது ஒரு மென்பொருளின் அமைப்பை மாற்றுவதை விட எளிதாக இருந்திருக்கிறது.

எங்களுக்கு மரபணு இல்லை, ஆனால் ஐ.சி. இலக்கம் இருக்கிறது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் "வி" அல்லது "எக்ஸ்" எழுத்தும். 2016இல் இருந்து வரும் புதியது, எழுத்தே இல்லாமல் 12 இலக்கம். முன்னால் பிறந்த ஆண்டு நாலு இலக்கத்தில், பிறகு ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது மூன்று இலக்கத்தில் (பெண்களுக்கு அதோடு 500 கூட்டி). பழைய இலக்கத்தின் கடைசியில் நின்ற அந்த எழுத்து, யாரும் நினைக்காமலே ஒரு காவல் வேலை செய்திருக்கிறது. எழுத்து இருப்பதால் எக்ஸல் அதை இலக்கம் என்று நினைக்காது, தொடாமல் விட்டுவிடும். புதியது வெறும் இலக்கம், அதுவும் 12 இலக்கம். சாதாரணக் கலத்தில் 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்ஸல் விஞ்ஞானக் குறியீட்டில் சுருக்கிக் காட்டும்: 1.99912, நடுவில் ஒரு "ஈ", பிறகு +11 என்ற மாதிரி. திரையில் மட்டும் என்றால் பரவாயில்லை, கலத்துக்குள் முழு இலக்கமும் பத்திரமாக இருக்கும். சீ.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது எக்ஸல் எழுதுவது கலத்தில் தெரிவதை. மிச்ச இலக்கங்கள் போய்விடும்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. மிஞ்சுவது ஆண்டும், நாள் எண்ணின் முதல் இரண்டு இலக்கமும்தான். ஒரே ஆண்டில், கிட்டத்தட்டப் பத்து நாள் இடைவெளிக்குள் பிறந்த ஆண்கள் எல்லாருக்கும் ஒரே ஐ.சி. இலக்கம். பெண்களுக்கும் அப்படியே. தரவுத்தளக் கருவியில் ஐ.சி. நிரலைத் தனித்துவமானது என்று அமைத்திருந்தால் (அமைப்பதுதான் முறை) அது என்ன செய்யும்? ஒரே இலக்கம் இரண்டு தரம் வந்திருக்கிறது, ஒருவரே இரண்டு தரம் பதிந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது ஆளை விட்டுவிடும், அல்லது முதலாவது ஆளின் மேல் இரண்டாவது ஆளை எழுதும். ஒரு உலர் உணவுப் பட்டியலிலோ கொடுப்பனவுப் பட்டியலிலோ இது நடந்தால், விடுபட்ட ஆள் அலுவலகத்துக்குப் போய் "என்ர பேர் ஏன் இல்லை" என்று கேட்கும்போது, "உங்கட ஐ.சி.யில ஏற்கெனவே ஒராள் இருக்கிறார்" என்றுதான் திரை சொல்லும். எதிரில் நிற்கும் மனிசர்தான் பொய்யர் ஆகிவிடுகிறார். எழுத்தாக வைத்துக்கொள் என்று அந்த நிரலை முன்கூட்டியே அமைத்துவிட்டால் இது எதுவும் நடக்காது, அது பத்து விநாடி வேலை. தொலைபேசி இலக்கத்தின் முன்னால் நிற்கும் பூச்சியத்தையும் அதே வேலை காப்பாற்றும்.

நிரைகளே மொத்தமாகத் தொலைந்த கதைக்கு இங்கிலாந்துக்குப் போகவேண்டும். எக்ஸலின் பழைய கோப்பு வடிவம் 65,536 நிரைக்கு மேல் தாங்காது. 1997ஆம் வருடப் பதிப்பு வைத்த எல்லை அது, இரண்டின் 16ஆம் அடுக்கு. 2007இல் வந்த புதிய வடிவம் 1,048,576 வரை போகும். 2020இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம், ஆய்வுகூடங்கள் சீ.எஸ்.வி.யாக அனுப்பிய கொவிட் முடிவுகளைப் பழைய வடிவ எக்ஸல் கோப்புகளுக்குள் இழுத்துத் தொகுத்துக் கொண்டிருந்தது. ஒரு நோயாளிக்குப் பல நிரைகள் தேவைப்பட்டதால் ஒரு கோப்பில் ஏறத்தாழ 1,400 பேர்தான் அடங்கினார்கள். மிச்சம் சத்தமில்லாமல் விழுந்தது. செப்டெம்பர் 25க்கும் ஒக்டோபர் 2க்கும் இடையில் 15,841 தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் குழுக்களுக்குப் பெயர்கள் போகவில்லை. பிறகு தீமோ பெட்ஸர், தோமஸ் கிரேபர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இந்த விபத்தையே ஒரு இயற்கைப் பரிசோதனையாக எடுத்து ஆராய்ந்தார்கள். பெயர்கள் அதிகம் பிந்திய பகுதிகளில் தொற்றும் மரணமும் கூடியிருந்ததைக் கண்டார்கள். கோப்பு ஒரு தரமாவது பிழைச் செய்தி காட்டியிருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

இணையத் தரவுத்தளக் கருவிகள் வந்ததே இந்தத் தலையிடியைக் குறைக்கத்தான். 2006 அளவில் வான்கூவரில் இருந்து ஆவி பிரையண்டும் ஆண்ட்ரூ காட்டனும் கொண்டுவந்த டாபிள் டீபி, விரிதாளில் இருந்து நகல் எடுத்து ஒரு பெட்டிக்குள் ஒட்டினாலே அதைத் தரவுத்தளமாக்கிக் காட்டியது. அதே வருடம்தான் சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் கிரியேட்டரும். 2009இல் கூகிள் பியூஷன் ரேபிள்ஸ், பத்திரிகையாளர்கள் தரவை ஏற்றி வரைபடமாக்க விரும்பிப் பாவித்தது. எயார்டேபிளின் நிறுவனம் 2012இல் தொடங்கியது. டாபிள் டீபியை 2010இல் ட்விட்டர் வாங்கி அடுத்த வருடம் மூடியது. பியூஷன் ரேபிள்ஸ் 2019 டிசம்பர் 3உடன் முடிந்தது. மூடும்போது எல்லாரும் திருப்பித் தந்தது என்ன? அதே பழைய சீ.எஸ்.வி.தான். உள்ளே போட்ட தொடர்புகள், நிரலின் வகைகள், வரைபட அமைப்புகள் எல்லாம் அந்தக் கதவால் வெளியே வரமாட்டா.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஏற்றிய உடனேயே ஊகிக்காமல் முதலில் காட்டிய ஒரு கருவி. 2010இல் மெட்டாவெப்பில் டேவிட் ஹுயின் தொடங்கிய கிரிட்வேர்க்ஸ், கூகிள் வாங்கியபின் கூகிள் ரிபைன், 2012இல் இருந்து சமூகத்தின் கையில் ஓபன்ரிபைன். "கிளிநொச்சி", "கிளிநொச்சி ", "கிளினொச்சி" மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை ஒன்றா என்று ஆளைக் கேட்கும். தானாகச் சேர்க்காது.

அப்படிக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகான நாட்கள் காட்டின. சுனாமியின் பின் இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சில நாட்களிலேயே எழுதத் தொடங்கியதுதான் சஹானா. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, தேவைகளின் பதிவேடு எல்லாம் ஒரே வலைத்தளத்தில். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதை வளர்த்தெடுத்தது. பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010 ஹெயிட்டி என்று பல இடங்களுக்குப் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. எங்கள் பாடசாலைத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் விசிகல்க்குக்கு ஒரு வரி ஒதுக்கினால் சஹானாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பேரிடரில் பட்டியல்கள் ஒரே கையால் எழுதப்படுவதில்லை. முகாம் பொறுப்பாளரிடம் ஒன்று, வைத்தியசாலையில் ஒன்று, கோயிலில் ஒன்று, தொண்டு நிறுவனத்தின் மடிக்கணினியில் ஒன்று. எங்கள் பெயர்கள் அதற்குள் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. "க. சிவகுமார்" ஒரு பட்டியலில், "சிவகுமாரன் கந்தையா" இன்னொன்றில், ஆங்கிலத்தில் எழுதியதில் "ச"வுக்குப் பக்கத்தில் ஒரு "எச்" வந்தும் வராமலும். அமெரிக்க வடிவமான "முதற்பெயர், குடும்பப்பெயர்" என்ற இரண்டு நிரலுக்குள் இதை அடைத்தால் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராகிறது, அண்ணன் தம்பி எல்லாரும் முதலெழுத்தால் ஒரே ஆள் மாதிரித் தெரிகிறார்கள், அக்கா கலியாணம் கட்டியதால் வேறு குடும்பமாகிறா.

2005இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகும் இதே நிலைமை. டசின் கணக்கான வலைத்தளங்களில் ஆட்களைத் தேடும் பதிவுகள் சிதறிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அவற்றைக் கையால் ஒரே இடத்துக்கு ஏற்றினார்கள். அந்த அனுபவத்தில் இருந்துதான் பி.எப்.ஐ.எப். என்ற ஆள்தேடும் தரவுப் பரிமாற்ற வடிவம் பிறந்தது. 2010இல் ஹெயிட்டிக்காகக் கூகிள் செய்த ஆள்தேடு கருவியும் அதையே பாவித்தது. அதன் அமைப்பில் இரண்டு விடயங்கள் உண்டு. ஒவ்வொரு பதிவும் தான் முதன்முதலில் எந்தத் தளத்தில் இருந்து வந்தது என்ற அடையாளத்தை எங்கே போனாலும் சுமந்துகொண்டே போகும். ஆளைப் பற்றிய பதிவும், "நான் இவரை இன்ன இடத்தில் கண்டேன்" என்று பிறகு வரும் குறிப்பும் வேறு வேறாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படாது. பிந்திய பதிப்புகளில் முழுப்பெயருக்கும் தனி இடம் கொடுத்தார்கள்.

ஏற்றும்போது எங்களுக்கும் இதில் இருந்து எடுக்கக் கூடியது உண்டு. பட்டியலில் இரண்டு நிரலைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றில் இந்த நிரை எந்தக் கோப்பின் எத்தனையாவது நிரை என்பது, மற்றதில் பெயர் தாளில் எழுதியிருந்தபடியே, எழுத்துப் பிழையோடு, முதலெழுத்தோடு. பிரித்துத் திருத்திய பெயர்கள் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். யாராவது வந்து தன்ர தம்பியின் பெயர் இருக்கிறதா என்று கேட்டால், மூலத்தாளை எடுத்துப் பார்க்க ஒரு வழி அப்போது இருக்கும்.